தாத்தா அணைத்த வானொலி: கலையும் கட்சியும், உங்கள் வீட்டில் எப்படி?

எங்கள் தாத்தா தீவிர தி.மு.க.காரர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி தவிர வேறு கட்ட மாட்டார். 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு கண்ணதாசனும் கட்சியை விட்டு வெளியேறியது, கூடப்பிறந்த தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போன மாதிரி அவருக்கு. அப்புறம் கவிஞர் காங்கிரசுக்குப் போனார். ‘வனவாசம்’ எழுதிப் பழைய சகாக்களைக் கடுமையாகச் சாடினார். அதோடு தாத்தா அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். “பாடல் கண்ணதாசன்” என்று வானொலியில் சொன்னால் போதும், எழுந்து வந்து குமிழைத் திருகி அணைத்துவிடுவார். அப்பத்தாவுக்கோ அந்தப் பாட்டுகள் என்றால் உயிர். தாத்தா வயலுக்குப் போனதும் அடுப்படியில் சன்னமாக வைத்துக் கேட்கும்.

தொண்ணூறுகளில் அப்பத்தா தவறிப்போனது. மைக்செட்காரர் வந்து என்ன பாட்டு போடுவது என்று கேட்டார். எல்லோரும் தாத்தா முகத்தைப் பார்த்தோம். “வீடு வரை உறவு போடப்பா, அவளுக்குப் பிடிக்கும்” என்றார். 1962-ல் ‘பாத காணிக்கை’யில் வந்த பாட்டு. கவிஞர் கட்சியை விட்டுப் போன மறு வருஷம்! டி.எம்.எஸ். குரல் எழும்பியதும் தாத்தா தோளில் கிடந்த துண்டை உருவி வாயைப் பொத்திக்கொண்டார்.

கவிஞரின் அரசியலை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. வானொலியை அணைப்பதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பதில், மயிலாப்பூரிலிருந்து

உங்கள் தாத்தாவை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க வரவில்லை. 2024 மார்ச்சில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது, அவர் பெரியாரைப் போற்றுகிறவர் என்று சொல்லிச் சில வித்வான்கள் அந்த மார்கழியில் அகாடமியில் பாட மறுத்தார்கள். பத்து வருஷமாக என்னோடு சபாவுக்கு வரும் என் அத்தையும், “இனி அவன் கச்சேரிக்கு என்னைக் கூப்பிடாதே” என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த இசை யாருக்குப் போய்ச் சேர்கிறது, யார் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்விதான் கிருஷ்ணாவை சென்னையின் மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவுக்குக் கொண்டுபோனது. கச்சேரியின் வரிசையையே அவர் மாற்றிப் பாடுவதும் அந்தக் கேள்வியோடு ஒட்டியதுதான். அந்தக் கேள்வி வேண்டாம், ராகம் மட்டும் போதும் என்றால் அது அவரைப் பாதி கேட்பது. அத்தை அவரை முழுசாகப் புரிந்துகொண்டு மறுக்கிறார். நான் முழுசாகப் புரிந்துகொண்டு போகிறேன். அந்த மார்கழியில் கேன்டீனில் ஒரே ஒரு காபி வாங்கியபோது மனசு கனத்தது.

பதில், திருநெல்வேலியிலிருந்து

எங்க ஆச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வாசல் தாண்டாது. எம்.ஆர். ராதாவோ பெரியாரின் தொண்டர், சாமியை மேடையிலேயே கிண்டல் செய்தவர். ஆனால் அவர் தொழுநோயாளியாக நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ டிவியில் வந்தால் ஆச்சி வெளக்கு வைத்த கையோடு வந்து உட்கார்ந்துவிடும். ஒரு தடவை நான் கேட்டே விட்டேன், “ஆச்சி, இவரு சாமியே இல்லைங்கிறவராச்சே?”

ஆச்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. “அதைச் சாமி பாத்துக்கிடும். நீ அந்த விரலு மடங்கிக் கெடக்கதப் பாருல.”