தரம் 4, 5 பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு: டிப்ளோமாவும் படித்துக்கொண்டு நடத்த முடியுமா?

படுவான்கரை_டீச்சர்:
திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா தொடங்கியாச்சு. சனி, ஞாயிறு மட்டக்களப்பு நிலையத்துக்குப் போகணும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஊர் வாசிகசாலையில் கிழமைக்கு 2 நாள் இலவச வகுப்பு வைக்க யோசனை. 14 பிள்ளைகள், எல்லாரும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பெற்றோர் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் செய்விக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

வாவிக்கரை:
டீச்சர், வினாத்தாளை இப்ப தொடவேண்டாம். வாசிக்கத் தெரியாத பிள்ளை குருட்டுவாக்கில் கோடு போடப் பழகிடும், மறுகா அதைத் திருத்துறது பெரும்பாடு.

முதல் நாள் ஆளுக்கு 5 நிமிடம் தனியே இருத்திப் பாருங்க: 20 எழுத்து, 10 சொல், 5 சிறு வசனம், தரம் 2 புத்தகத்தில் ஒரு பந்தி. எதில் தடக்குதோ அதுதான் குழு. தரம் பார்த்துப் பிரிக்காதீங்க.

கூடுதலாகத் தடக்குறது கொம்பில் ('கெ'யில் முன்னால் நிற்கும் குறி). வாயில் 'க்' முந்தி வரும், தாளில் கொம்பு முந்தி நிற்கும். 'கொடி'யை 'கெரடி' என்று வாசித்தால், அரவை ('கா'வில் பின்னால் வரும் குறி) 'ர' என்று எடுத்திருக்கு என்று அர்த்தம். மட்டையில் 'க' ஒன்று கறுப்பில், கொம்பும் அரவும் சிவப்பில் வெட்டிக்கொள்ளுங்க. முதலில் 'கா', அடுத்து 'கெ', இரண்டும் தட்டுத்தடங்கலில்லாமல் வந்த பிறகுதான் சிவப்பு இரண்டையும் சேர்த்து 'கொ'. 'கே', 'கோ' அடுத்த கிழமை. 'கௌ' கடைசி, அதில் வரும் குறி 'ள' மாதிரியே இருக்கும். ல, ள, ழ குழப்பத்தை இப்போதைக்கு விடுங்க, அது எழுத்துப்பிழைச் சங்கதி.

வயல்வெளி:
நேரம்: செவ்வாய், வியாழன் 3.30 முதல் 4.15 வரை. அதுக்கு மேல இழுத்தா யானை வரும் ஊர்களில் ஒருத்தரும் பிள்ளையை அனுப்பமாட்டாங்க. 10 நிமிடம் மட்டை, 15 குழு வாசிப்பு, 10 சொல்வதெழுதல் (5 சொல் போதும்), மிச்சம் நீங்கள் கதை வாசிக்கணும். அந்தக் கடைசிப் 10 நிமிடத்தை வெட்டினா வரவு குறையும்.

உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் 2 பேரைச் சேர்த்தா 3 குழு நடத்தலாம். நவம்பர், டிசம்பர் மாரியிலும் பெரும்போக நெல் வெட்டு நாளிலும் புதுக் குறி தொடங்காதீங்க, மீட்டல் மட்டும். வாசிகசாலை பிரதேச சபையுடையது என்றால் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திடுங்க.

ஒப்படை_நண்பன்:
படிப்பு வேற, வகுப்பு வேற என்று வைத்தா இரண்டும் பாழ். (விபுலானந்த அடிகள் படிப்பித்துக்கொண்டுதானே 1920இல் லண்டன் பி.எஸ்சி. முடிச்சவர்!) டிப்ளோமாவில் செயல்நிலை ஆய்வு (தன் வகுப்பையே ஆசிரியர் ஆராய்வது) ஒப்படையாக வந்தால் இந்த வகுப்பே தரவு. ஆனால் முதல் நாளிலிருந்தே பதியணும், பிறகு ஞாபகத்தில் எழுதினது தரவாகாது. பிள்ளைக்கு ஒரு பக்கம்: திகதி, ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொல் எத்தனை, பிழைச் சொற்கள் அப்படியே. பெயருக்குப் பதில் இலக்கம், பெற்றோரின் கையெழுத்துச் சம்மதம். ஒவ்வொரு சோதனைக்கும் அதே அளவான வேறு பந்தி எடுங்க. ஒரே பந்தி என்றால் பிள்ளை பாடமாக்கிடும், முன்னேற்றம் பொய்யாகிடும்.

படுவான்கரை_டீச்சர்:
நன்றி. வினாத்தாள் கேட்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது?

வாவிக்கரை:
வாயால சொல்லாதீங்க. அவங்களுக்கு முன்னால வினாத்தாளின் முதல் கேள்வியைப் பிள்ளையை உரத்து வாசிக்கவிடுங்க.