கைபேசிக்குப் படித்துக் காட்டும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

தொடக்கப் பதிவு: இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், திண்டிவனம் பக்கம்

பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க, அதைக் கேட்டுச் சரி தவறு சொல்லும் செயலிகளை இங்கே பலரும் பயன்படுத்தியிருப்பீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் எங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம்தான் தொடங்கியது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது எழுத்தையே மறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. கோயில் திண்ணையிலோ யாராவது வீட்டு வாசலிலோ இருபது பேர் உட்காருவார்கள். பாட்டு, கதை, கணக்கு எல்லாம் போக, ஒரு பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆனால் படிக்கப் பழகும் வயதில் ஒருவர் காது கொடுத்துக் கேட்பதுதான் முக்கால் பாடம்.

அதனால் 2022 ஜூனில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தமிழ்க் கதைகள் இருந்தன. கதையை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தியா என்ற பொம்மைப் பெண், பிள்ளை தடுமாறும் இடத்தில் சொல்லிக் கொடுப்பாள். எல்லார் முன்னாலும் வாயே திறக்காத ஒரு மூன்றாம் வகுப்புப் பெண், கைபேசியை வாங்கிக்கொண்டு சுவரோரம் திரும்பி உட்கார்ந்து கணீரென்று படித்தாள். அவள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். மனிதர் முன்னால் வரும் கூச்சம் இயந்திரத்திடம் வருவதில்லை. இதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அப்புறம் இதே மாதிரியான வேறு செயலிகளையும் பார்த்தேன். அவற்றில் ஒன்றில் நடந்த இரண்டு விஷயங்கள்தான் இந்தப் பதிவை எழுத வைத்தன. பெயர் வேண்டாம்.

ஒரு பையன் ‘பள்ளி’யைப் பல்லி என்று படித்தான். திரையில் பச்சை. பக்கத்துப் பையன் ‘வந்துவிட்டான்’ என்று இருந்ததை வந்துட்டான் என்று படித்தான். சிவப்பு.

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. வந்துட்டான் என்று படித்தவன் எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டில் பேசும் தமிழில் சொல்லியிருக்கிறான். எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளையால் அப்படிச் செய்யவே முடியாது. நான் அவனுக்கு முழு மதிப்பெண் போடுவேன். சிவப்பைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கி, அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான். கதை அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பது இயந்திரத்துக்கு முன்னாலேயே தெரியும். அதனால் குரல் அந்த வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. ஒவ்வொரு ஒலியையும் எடைபோட ஒரு வழியைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சில்கே விட், ஸ்டீவ் யங் இருவரும் 2000-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த ஒலி எவ்வளவு பொருந்துகிறது, அந்த இடத்தில் வேறு ஒலி அதைவிட நன்றாகப் பொருந்துகிறதா, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்து மதிப்பெண் போடுவது. அந்த எண் எங்கே விழுந்தால் தவறு என்று கோடு போடுவது செயலியை உருவாக்கும் மனிதர்கள். கோட்டை இறுக்கினால் சரியாகப் படிக்கும் பிள்ளைக்கும் சிவப்பு விழும், பிள்ளை வெறுத்துப் போகும். தளர்த்தினால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். போதாததற்குப் பெரும்பாலும் பெரியவர்கள் குரலைக் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்குக் குழந்தைக் குரல் கடினம். சுருதி உயரம், தொண்டையும் வாயும் சிறியவை, பேச்சும் விட்டுவிட்டு வரும்.

அதனால் இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டேன். தடையில்லாமல் ஓட்டமாகப் படிக்கும் பயிற்சி கைபேசியோடு. ல ள ழ, ன ண, ர ற இவற்றை நானே கேட்கிறேன். பேச்சுத் தமிழில் மாற்றிப் படித்தால் “நல்லாப் புரிஞ்சுக்கிட்டே, இங்க எப்படி எழுதியிருக்குன்னு பாரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். தமிழுக்குச் செயலி செய்பவர்கள் இந்தப் பேச்சு வடிவங்களை முதலிலேயே அதற்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

மறுமொழி: தொடக்கப்பள்ளி ஆசிரியர், தருமபுரி

வகுப்பறையில் வேறு தொல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் படித்தால் கைபேசி பக்கத்துப் பிள்ளையின் குரலுக்கு நட்சத்திரம் கொடுத்துவிடுகிறது. மின்விசிறிச் சத்தமும் சேரும். மைக் வைத்த மலிவு இயர்போன் சில வாங்கி வைத்தேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு மரத்தடிதான்.

மறுமொழி: செவிலியர், நாகர்கோவில்

அக்கா, நீங்கள் சொன்ன பச்சை விளக்குதான் என் கதையும். ஜெர்மனியில் செவிலியர் வேலைக்கு பி2 நிலை ஜெர்மன் வேண்டும். இரவுப் பணி முடிந்து வந்து கைபேசியிடம்தான் பேசிப் பழகினேன். நான் பேசுவதை அது எழுதிக் காட்டும், எழுத்து சரியாக வந்தால் உச்சரிப்பும் சரி என்று எங்கள் குழுவில் எல்லாரும் நம்பினோம்.

ஜெர்மனில் ‘ஷோன்’ என்றால் ஏற்கெனவே. உதட்டை ஓகாரத்துக்குக் குவித்தபடியே ஏகாரம் சொன்னால் அதே சொல் ‘அழகு’ ஆகிவிடும். வாக்கியத்தில் வைத்து எப்படிச் சொன்னாலும் கைபேசி ‘அழகு’ என்றே சரியாக எழுதியது. அந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று சுற்றியுள்ள சொற்களை வைத்து அது ஊகித்துக்கொள்கிறது. வேலைக்காகப் பேசுகிறவருக்கு அது வசதி. கற்றுக்கொள்கிறவருக்குத் தவறு மறைந்து போகிறது.

எங்கள் ஆசிரியை கேட்ட முதல் நாளே இன்னொன்றையும் பிடித்தார். மெய்யில் முடியும் சொல்லுக்கெல்லாம் நாம் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம். ‘கூட்’ என்பது நம் வாயில் ‘கூட்டு’ ஆகிறது. இத்தனை மாதத்தில் செயலி இதைச் சொன்னதே இல்லை.

இப்போது வாக்கியமாகச் சொல்லாமல் ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஊகிக்க எதுவும் இல்லாததால், தவறாகச் சொன்னால் தவறாகவே எழுதுகிறது. என் குரலைப் பதிவு செய்து, ஜெர்மன்காரர் சொன்னதோடு மாற்றி மாற்றிக் கேட்பது இன்னும் நல்லது. நமக்கு ஒரு பலமும் இருக்கிறது. ‘ஷ்டட்’ என்றால் நகரம், ‘ஷ்டாட்’ என்றால் அரசு. குறில் நெடில் பழகிய காதுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மறுமொழி: வரலாற்று ஆசிரியர், மதுரை

நான் பார்வையற்றவன். எனக்கு இந்தத் தொழில்நுட்பம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அது படிக்கிறது, நான் கேட்கிறேன். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைப்பதால்தான் என் வேலையே நடக்கிறது. அதில் வரும் தமிழ்க் குரல் கரகரப்பாக இருக்கும், புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் சொல் சிதையாது. எனக்கு அதுதான் வேண்டும்.

பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஒலியாகக் கொடுக்கும்போது மட்டும் கவனமாக இருக்கிறேன். நம் எழுத்தில் ஒரே ‘க’தான். ‘காற்று’ என்பதில் வரும் ககரத்தைப் போட்டு அந்தக் குரல் ‘காந்தி’ என்று சொல்கிறது. ‘பஸ்’ஸும் அப்படித்தான். பெயர்கள் நிறைந்த வரலாற்றுப் பாடத்தை அப்படியே ஒலிக்கோப்பாக்கினால் பிள்ளைகள் அதையே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். பெயர் நிறைய வரும் பகுதிகளை என் குரலில்தான் பதிகிறேன்.

சகோதரி, நீங்கள் சொன்ன ன, ண சிக்கல் எனக்கும் உண்டு. மாணவர் தட்டச்சிட்டு அனுப்பும் விடையில் ‘மனம்’, ‘மணம்’ வேகத்தில் ஒன்றாகவே கேட்கும். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து, அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகக் கேட்டுத்தான் திருத்துகிறேன்.

மறுமொழி: தொடக்கப் பதிவு எழுதியவர்

ஒற்றைச் சொல் யோசனை நன்றாக இருக்கிறது தங்கச்சி. பள்ளி பல்லி, புளி புலி, மனம் மணம் என்று சோடி சோடியாக அட்டை எழுதி, பிள்ளை சொல்ல, குரல் தட்டச்சு எதை எழுதுகிறது என்று இந்த வாரம் பார்க்கப் போகிறேன். சார், ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பகுதியை நீங்கள் பதிந்திருந்தால் எங்கள் வகுப்புக்கு அனுப்ப முடியுமா? ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது.