புதிய சபைகள் மீதான விமர்சனத்துக்குப் பதில் எழுத உதவி வேண்டும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். மாயவரம், தரங்கம்பாடி பக்கம் அபிஷேக (பெந்தெகொஸ்தே) சபைகளைப் பற்றி எழும் விமர்சனங்களுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம் தயாராகிறது. சில இடங்களில் உங்கள் உதவி தேவை.

"இதெல்லாம் புதுசு" என்பதற்குப் பதில் எளிது. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர் போதித்ததும் இந்த ஊருக்குப் புதுசுதான். ஆனால் புதுசு என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது, அங்கே நிறுத்தக் கூடாது.

அந்நியபாஷையில்தான், அதாவது ஆவியின் ஏவுதலால் கற்காத மொழியில் பேசுவதில்தான், இடறுகிறோம். நம்மவர்கள் அப்போஸ்தலர் 2ஐக் காட்டுவார்கள். அங்கே கேட்டவர்களுக்குத் தங்கள் மொழியிலேயே புரிந்தது. எதிர்த்தரப்பு 1 கொரிந்தியர் 14:27-28ஐ எடுக்கும்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஆளில்லையென்றால் சபையில் அமைதி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் ஆராதனையை இதோடு எப்படிப் பொருத்துவது? மழுப்பாமல் சொல்லுங்கள்.

காணிக்கை விஷயத்தில் வசனம் மட்டும் போதாது. 2 கொரிந்தியர் 8:20-21இல் பவுலே குறை சொல்ல இடம் வைக்கவில்லை. இரண்டு பேர் எண்ணி, அன்றைக்கே கையெழுத்திட்டு, வருடக் கணக்கைச் சபையில் வாசிக்கும் முறை உங்களிடம் இருந்தால் அந்தப் படிவத்தை அனுப்புங்கள்.

ஒலிபெருக்கியில் தவறு நம் பக்கம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் வைக்கவே கூடாது. அதை ஒப்புக்கொண்டே எழுதுகிறோம்.

விமர்சனப் பிரசுரங்கள் கையில் இருந்தால் முழுதாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து மறுத்தால், எழுதியவர் அடுத்த வரியைக் காட்டிவிடுவார்.