நாழிக் கணக்கைக் கிராமுக்கு மாற்றினால் முந்திரிக்கொத்து உதிர்கிறது: உதவி தேவை

கேள்வி (களியக்காவிளை):
முந்திரிக்கொத்து என்ற பலகாரத்துக்கு எங்கள் மாமியார் சொல்லும் கணக்கு, வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவு நான்கு நாழி (நாழி என்பது பழைய முகத்தல் அளவை), கருப்பட்டி இரண்டு நாழி, தேங்காய்த் துருவல் ஒரு நாழி, எள் ஓர் உழக்கு (கால் நாழி). பாறசாலையில் ஒரு கல்யாண வீட்டார் ஐந்து கிலோ கேட்டிருப்பதால், எல்லாவற்றையும் கிராமில் எழுதிவைக்க விரும்புகிறேன். ஆனால் அதே பித்தளை நாழியில் தலைதட்டி அளந்தாலும், மில்லிலிருந்து வந்து சலித்த மாவு 155 கிராமும், டப்பாவில் அமுங்கிக் கிடந்த மாவு 195 கிராமும் காட்டுகின்றன. இரண்டாவது எடையை வைத்துப் பிடித்த உருண்டை, அரிசி மாவுக் கரைசலில் முக்கும்போதே உதிர்கிறது. எந்த எடையை எடுத்துக்கொள்வது?

பதில் (தக்கலை):
தங்கச்சி, உங்கள் தராசில் குறையில்லை. சலித்த மாவில் துகள்களுக்கு இடையே காற்று நிற்கும். டப்பாவில் கிடந்து அமுங்கினால் அதே நாழிக்குள் கூடுதல் மாவு இறங்கும். நாழிக்கு 40 கிராம் என்றால் நான்கு நாழிக்கு 160 கிராம் மாவு மிகுதியாகிறது. கருப்பட்டிப் பாகு அதே அளவில் இருப்பதால் உருண்டை பிடிக்காமல் போகிறது. ஆகவே மாமியாரையே வழக்கம்போல அளக்கச் சொல்லி, அவர் நிரப்பிய ஒவ்வொரு நாழியையும் நிறுத்து, சராசரியை எழுதுங்கள்.

அதற்கு முன் நாழியைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், காட்டும் எண்ணே நாழியின் கொள்ளளவு. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் 240 மில்லி கப்பை வைத்துப் போட்டவை. அவற்றை நாழிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அக்கா. தண்ணீர் 310 கிராம் வந்தது. மாமியார் மாவைச் சிரட்டையால் அள்ளி, உயரத்திலிருந்து உதிரவிட்டு, விரலால் விளிம்பை வழித்துவிடுகிறார்; அழுத்துவதே இல்லை. நான்கு நாழியும் சேர்ந்து 630 கிராம். கருப்பட்டிக்கு என்ன செய்வது?

பதில் (குலசேகரம்):
கருப்பட்டியை நாழியில் அளப்பதை விட்டுவிடுங்கள். பெரிய துண்டுகளாக உடைத்தால் இடையில் வெற்றிடம் மிகும், பொடித்தால் குறையும். ஆகவே மாமியார் உடைத்துப் போடும் இரண்டு நாழியை ஒருமுறை நிறுத்து, இனி அந்த எடையிலேயே எடுங்கள். பாகுக்கு ஊற்றும் தண்ணீரின் பெரும்பகுதி கொதித்து வற்றிவிடும் என்பதால், அங்கே தராசைவிடப் பதமே முக்கியம்.

பயற்றை வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். தேங்காய்த் துருவலும் அப்படியே. எனவே குறிப்பில் எடைக்குப் பக்கத்தில் ‘வறுத்த பின்’ என்று எழுதாவிட்டால், அடுத்த முறை வேறொருவர் பச்சையாக நிறுத்துவிடுவார். எள் முழு மணியாதலால் எப்படி அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஏலத்தையும் சுக்கையும் கரண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையல் தராசில் இரண்டு கிராமை நம்ப முடியாது.

ஐந்து கிலோவுக்குப் பெருக்கும்போது, மாவில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்துப் பாகை ஊற்றுங்கள். உருண்டை கையில் ஒட்டினால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.