கத்தி அடிக்கப் புத்தகம் தேடியபோது: இராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் அனுபவம்

கத்தி அடிக்கக் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: புத்தகம் கையில் கிடைத்ததும் பளபளக்கும் கத்திப் படங்களைத் தாண்டிப் போய், பதம் வைக்கும் அத்தியாயத்தைப் படியுங்கள். காய்ச்சுவது, எண்ணெயில் முக்குவது, மறுபடி இளஞ்சூட்டில் வைப்பது. இந்த மூன்றையும் ஏன், எவ்வளவு சூட்டில் என்று விளக்காத புத்தகத்தைத் தயங்காமல் திருப்பி வைத்துவிடலாம். சம்மட்டி வீச்சை எந்தக் கொல்லம்பட்டறையிலும் பார்த்தே பழகலாம். உருக்குக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. புத்தகம் தேவைப்படுவது அங்கேதான்.

எனக்கு ஊர் பெரியபட்டினம். எங்கள் கரையில் கத்தியைப் பற்றி இரண்டு கூட்டத்தார் விடாமல் பேசுவார்கள். கரையோரம் மீன் வெட்டுகிறவர்கள் ஒரு கூட்டம், சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிகள் இன்னொரு கூட்டம். பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கூர் கொஞ்சம் மழுங்கினாலும் பதநீர் குறையும் என்பார்கள். அந்த அரிவாளை அடிக்கிற ஆசாரி ஒருவரின் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புத்தகத் தேடலே தொடங்கியது.

“எப்ப எடுத்து முக்கணும்னு எப்படிங்கய்யா தெரியுது?” என்று கேட்டேன்.

“நெறம் சொல்லும் தம்பி. உலையில வெயில் விழாமப் பாத்துக்க, அது போதும்.”

அவருக்கு அது போதும், அத்தனை வருடக் கண் அது. என் கண்ணுக்கு அந்தச் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்றாகவே தெரிந்தன. புத்தகங்களில் இதற்கு ஒரு வழி கிடைத்தது. உருக்கு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் சூடேற்றினால் முக்குகிற சூடு. லாரி வில்லுப் பட்டைக்கு ஏறக்குறைய 830, 850 வரை போகலாம். அதற்கு மேல் விட்டால் உருக்குக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துவிடும், கத்தி பட்டென்று உடையும். ஆசாரி சொன்ன நிழலும் புத்தகம் சொன்ன காந்தமும் சேர்ந்தபோதுதான் எனக்கு நிறம் பிடிபட்டது.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். கீழக்கரையில் காக்கா (அண்ணன்) ஒருவர் துபாயிலிருந்து வரும்போது அலெக்சாண்டர் வெய்கர்ஸ் எழுதிய ‘தி கம்ப்ளீட் மாடர்ன் பிளாக்ஸ்மித்’ வாங்கி வந்து கொடுத்தார். 1970-களில் தனித்தனியாக வந்த மூன்று புத்தகங்களின் தொகுப்பு அது. கத்திக்கென்றே எழுதியதல்ல, உளி, குறடு, சுத்தி எல்லாவற்றையும் பழைய இரும்பிலிருந்து செய்யச் சொல்லித் தருகிறது. படங்களெல்லாம் அவரே வரைந்தவை. பட்டறைக்கு எடுத்துப்போனேன். ஆசாரிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து, “இது நம்ம குறடுதான், வாயி மட்டும் வேற மாதிரி மடக்கியிருக்கான்” என்றார். அன்று மதியம் முழுக்க அந்தப் படங்களை வைத்தே பேசிக்கொண்டிருந்தோம். மொழி தெரியாத தொழில்காரருக்கும் புரிகிற புத்தகம் என்றால் அதை நம்பி வாங்கலாம் என்று எனக்கு அப்போதே பட்டது. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஜிம் ரிசூலஸின் ‘தி கம்ப்ளீட் பிளேட்ஸ்மித்’ 1987-இல் வந்தது. கத்தி அடிப்பதையே முழுக்கப் பேசும் புத்தகம், ஆழமானது. தொடக்கக்காரர் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். வெய்ன் காடர்டின் ‘50 டாலர் நைஃப் ஷாப்’ குறைந்த செலவில் பட்டறை போடுவதற்கு. யோசனைகள் அருமை, ஆனால் அமெரிக்கப் பழைய இரும்புக் கடையை மனதில் வைத்து எழுதியது. நம் ஊர்க் கடையில் கிடைப்பதை நாமேதான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஜான் வெர்ஹோவன் எழுதிய, உலோகவியல் படிக்காதவர்களுக்கான உருக்குப் புத்தகம் (2007) கடினம்தான். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரோடு சேர்ந்து டமாஸ்கஸ் வாள்களின் மேல் தெரியும் வரிகள் எப்படி உண்டாயின என்று ஆராய்ந்த பேராசிரியர் இவர். தாதுவில் துளியளவு கலந்திருந்த வனேடியம் போன்றவைதான் காரணம் என்று காட்டினார்கள். அந்த வாள்களுக்கான உருக்குக் கட்டிகள் நம் தென்னாட்டிலிருந்தும் போனவை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் உருக்கு காய்ச்சிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஆங்கிலம் சிரமம் என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம் (நிமி) ஐடிஐ மாணவர்களுக்காக வெளியிடும் ஃபிட்டர் பாடநூலில் பதம் வைப்பது பற்றிய பாடம் இருக்கிறது. அந்தப் பாடநூல் தமிழிலும் வந்திருக்கிறது. கத்தி பற்றி ஒரு வரியும் இருக்காது, ஆனால் அடிப்படை சுத்தமாக இருக்கும். நான் இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவர முடியாத இடங்களும் உண்டு. அந்தப் புத்தகங்களில் பேச்செல்லாம் நிலக்கரியும் கேஸும்தான். நமக்குக் கிடைப்பது கரிமூட்டத்துச் சீமைக் கருவேலங்கரி. அதில் கந்தகம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் உருக்குக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் எரிந்து தீரும். அதனால் கரியை ஆழமாகக் குவித்து, காற்றை அடக்கி விட வேண்டும்.

அப்புறம் உருக்கு. அமெரிக்கப் புத்தகம் வில்லுப் பட்டை என்றால் 5160 என்ற உருக்கு வகை என்று எடுத்துக்கொள்ளும். இங்கே பழைய லாரிப் பட்டை சிலிக்கான் கலந்த வேறு வகையாகவும் இருக்கலாம். ஒரு சின்னத் துண்டை வெட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கி, துணி சுற்றி வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். உடைந்த முகம் மங்கலான சாம்பல் நிறமாக மழமழவென்று இருந்தால் சூடு சரி. சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் சூடு கூடிவிட்டது. எண்ணெயில் போட்டும் அரம் சுலபமாகக் கடித்தால் சூடு பற்றவில்லை, அல்லது அது கத்திக்கு ஆகாத இரும்பு.

முக்கிய பிறகு மறுபடி இளஞ்சூட்டில் வைக்க அமெரிக்கப் புத்தகத்தில் 400 டிகிரி என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 204 செல்சியஸ். கேக் சுடும் அடுப்பே போதும், ஒரு மணி நேரம் வீதம் இரண்டு தடவை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் வர வேண்டும். துருப்பிடிக்காத உருக்கைப் பற்றிய அத்தியாயங்களை இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள். 440சி போன்றவற்றுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் அளந்து வைத்த சூடு வேண்டும், கரி உலையில் நடக்காது. உப்புக் காற்றுக்குப் பயந்து அதைத் தேடுகிறவர்கள் அதிகம். சாதா உருக்குக் கத்தியைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தாலே போதும், எங்கள் ஊர் மீன் வெட்டும் அக்காமார் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பதம் வைக்கும் பக்கங்களை மட்டும் தமிழில் நோட்டில் எழுதி ஆசாரியின் மகனிடம் கொடுத்திருக்கிறேன். செல்சியஸ் கணக்கைப் பட்டறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறான். அடுத்து இரும்போடு உருக்கை ஒட்டவைக்கும் அத்தியாயம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான், எழுதிக்கொண்டிருக்கிறேன்.