‘கதிர்த்தடுப்பு மருந்து’ சரியான சொல்லா?

நண்பர்களே,

கதிர்வீச்சால் உடலுக்கு வரும் சேதத்தைக் குறைக்க முன்கூட்டியே கொடுக்கும் மருந்தான ரேடியோபுரொடெக்டருக்கு, நம் அகராதியில் ‘கதிர்த்தடுப்பு மருந்து’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கதிரைத் தடுப்பவை ஈயமும் காங்கிரீட்டும்தான். எந்த மருந்தை உட்கொண்டாலும் காமாக் கதிர் உடலை ஊடுருவத்தான் செய்யும். செல்லிலுள்ள நீரை அது சிதைக்கும்போது ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) என்ற வினைமிகு துகள்கள் உண்டாகி டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றன. அமிஃபோஸ்டின் என்ற மருந்து அந்தத் துகள்களைப் பிடித்து அடக்கிச் சேதத்தைக் குறைக்கிறது. அவ்வளவே. போதாக்குறைக்கு, ‘தடுப்பு மருந்து’ என்றாலே பலர் தடுப்பூசியை நினைப்பார்கள். பொட்டாசியம் அயோடைடு தைராய்டில் கதிரியக்க அயோடின் சேராமல் மட்டுமே காக்கும். அதையே சகல கதிருக்கும் கவசம் என்று நம்புகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாமும் ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டாம்.

‘கதிர்க்காப்பு மருந்து’ என்று வைக்கலாம். காப்பு என்றால் வருமுன் காப்பு. கதிர் படுவதற்கு முன் கொடுப்பதை மட்டுமே அது குறிக்கட்டும்.

*

ஐயா, வணக்கம்.

‘தடுப்பு’ வேண்டாம் என்பது சரி. ஆனால் கடும் கதிர்வீச்சு நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துகள் உங்கள் சொல்லுக்குள் அடங்கவில்லையே? 2015இல் ஃபில்கிராஸ்டிம், 2021இல் ரோமிப்லோஸ்டிம்: இரண்டும் கதிர் பட்ட பிறகு கொடுப்பவை. முன்னது வெள்ளணுக்களையும் பின்னது தட்டணுக்களையும் பெருக்க எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது. இவற்றைச் ‘சிகிச்சை மருந்து’ என்றால் போதாதா?

*

போதாது என்றே நினைக்கிறேன். கதிர் பட்டவருக்கு முதலில் வாந்தி வரும். பிறகு அது நின்றுவிடும். சில நாட்கள், சில வேளை வாரக்கணக்கில், அவர் நலமாகவே தெரிவார். உள்ளே மஜ்ஜை அழிந்துகொண்டிருக்கும். ஃபில்கிராஸ்டிமை இந்த இடைவெளி முடியும்வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். 2 கிரேக்கு (கிரே என்பது உடல் ஏற்ற கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) மேல் பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, முடிந்தவரை விரைவாக. ‘சிகிச்சை’ என்ற சொல்லோ நோய் வெளிப்படட்டும் என்று காத்திருக்கச் சொல்வதுபோல ஒலிக்கிறது. ‘கதிர்த்தணிப்பு’ என்றால் கதிரையே தணிப்பதாகிவிடும். எனவே ‘கதிர்ப்பாதிப்புத் தணிப்பு மருந்து’. நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

பிரஷ்யன் நீலம் என்ற மருந்தை இந்த இரண்டு வகைகளோடும் சேர்க்கக் கூடாது. 1987இல் பிரேசிலின் கொயானியாவில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் உடலுக்குள் போனவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். குடலில் சீசியத்தைப் பற்றி மலத்தோடு வெளியேற்றும் மருந்து அது. வெளியிலிருந்து கதிர் மட்டும் பட்டவர் உடலில் அகற்றுவதற்கு எதுவும் இல்லை. அவருக்கு இதனால் பயனும் இல்லை. இவ்வகைக்குக் ‘கதிரியக்க நீக்கி’ என்பதை முன்மொழிகிறேன். வெளிப்படும் கதிர்வீச்சு, அதை வெளிவிடும் பொருளின் தன்மையான கதிரியக்கம் இரண்டையும் ஒன்றாக எழுதும் வழக்கத்தை அகராதியிலாவது தவிர்ப்போம்.