சைனஸ் ஆபரேஷனுக்கு அப்பறம் மூளைக்கு ஆக்சிஜன் கம்மியாகுமா?

நீடாமங்கலம்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் எனக்கு சைனஸ் ஆபரேஷன் ஆச்சு, மூக்கு வழியா கேமரா விட்டு பண்றாங்கள்ல அது. தலபாரம் கொறஞ்சிருச்சு, ஆனா மண்ட மந்தமாவே இருக்கு. நெல் கொள்முதல் நிலையத்துல கணக்கு எழுதுறேன், சிப்பத்த எண்ணிட்டு நோட்ட திறக்குறதுக்குள்ள நம்பர் மறந்துடுது, திரும்ப லோடுமேன் அண்ணன்கிட்ட கேக்க வேண்டியிருக்கு. இத்தன வருசம் மூக்கடைப்போட இருந்ததுல மூளைக்கு ஆக்சிஜன் போகாம செல்லெல்லாம் செத்திருக்கும்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லிட்டாரு, அதுலேர்ந்து தூக்கமே இல்ல. விரல்ல மாட்டுற மெஷின்ல 97 காட்டுது. அப்ப மூளைக்கும் சரியா போகுதா?

கும்பகோணம்_அக்கா:
தம்பி பயப்படாதீங்க, நான் தியேட்டர் நர்ஸ். மூக்கு அடைச்சா வாய் வழியா மூச்சு போயிடும், பகல்ல அதனால மட்டும் மூளை செல்லு சாகாது. 97 நல்ல அளவுதான், ஆனா அது ரத்தத்துல உள்ள அளவு. மூளைய பாக்கணும்னா நெத்தியில சென்சார் ஒட்டி பாப்பாங்க, அதுவும் சில பெரிய ஆபரேஷன்லதான். உங்களுக்கு சளி மாத்திர ஏதாவது எழுதி குடுத்திருக்காங்களா? அதுல குளோர்பெனிரமின் இருந்தா தூக்கம், மறதி ரெண்டும் வரும். உள்ள புண்ணு ஆறுற வரைக்கும் பொருக்கு கட்டி மூக்கு அடைக்கும், ராத்திரி தூக்கம் கெடும், அப்பறம் கணக்கு எப்படி நிக்கும்?
இன்னொன்னு, குனியும்போது ஒரு பக்க மூக்குலேர்ந்து தண்ணியா சொட்டினா, இல்ல கண்ணு மங்கினா, அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.

வலங்கைமான்_விவசாயி:
அக்கா சொன்னதோட ஒன்னு சேத்துக்குறேன். குறட்ட விடுவீங்களா? நடுவுல மூச்சு நின்னு திடுக்குனு இழுக்குறீங்களான்னு வீட்ல கேளுங்க. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, பகல்ல ஆக்சிஜன் சரியா இருக்கும், தூக்கத்துலதான் எறங்கும், அத விரல் மெஷின்ல பகல்ல பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. மூக்கு ஆபரேஷன் மட்டும் பண்ணா அது போயிடாதுன்னு டாக்டர் சொன்னாரு, ராத்திரி தூங்கும்போது டெஸ்ட் எடுத்து, மூக்குல மாட்டிக்கிட்டு தூங்குற காத்து மெஷின் குடுத்தாங்க, அதுக்கப்பறம்தான் காலைல தல தெளிவா எந்திரிக்கிறேன். மூக்கு கழுவுறதுக்கு போர் தண்ணி, ஆத்து தண்ணி வேணாம் தம்பி, கொதிக்க வச்சு ஆறவச்சதுதான். நெல்லு தூத்துற பக்கம் நிக்கும்போது மாஸ்க் போட்டுக்கங்க.

நீடாமங்கலம்_தம்பி:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. மாத்திர அட்டைய பாத்தேன், அக்கா சொன்ன அதே பேருதான் இருக்கு. மூச்சு நிக்கிறதும் உண்டுன்னு வீட்ல சொல்றாங்க, பயந்து எழுப்பியே விட்டிருக்காங்களாம். அட்டையோட நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன், ராத்திரி டெஸ்ட் பத்தியும் கேட்டுட்டு வந்து எழுதுறேன்.